அனுதாபத்தில் விளைந்த நெல்

அனுதாபம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவரின் துயரத்தைத் தன் துயரமாக உணர்வதாம். நல்லாய்த்தான் உணர்ந்தோம்!

ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயனில் காணி எடுத்துக் குடியேறியிருந்தோம். பக்கத்து வயல்காரியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வயலுக்கும் குளத்திலிருந்து ஒரே வாய்க்கால், நாள்முறை வைத்துத்தான் தண்ணீர். கோடைச் சிறுபோக நெல் கதிர் தள்ளும் நேரம் பார்த்து அவரின் புருஷனைப் பாம்பு கடித்தது. ஆள் தப்பவில்லை. அவருக்கும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளுக்கும் மிஞ்சியது அந்த வயல் மட்டும்தான்.

செத்தவீட்டில் நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். பொய் அழுகை இல்லை, நெஞ்சு வெடிக்க அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சீறிக்கொண்டு சொன்னேன்:

"அக்கா, துடக்கோட வாய்க்கால் பக்கம் போகாதேங்கோ, குளத்துக்கு ஆகாது. முப்பத்தொரு நாளும் வீட்டை இருங்கோ. உங்கட தண்ணி முறையை இவர் பாப்பார்."

"நீயாவது இருக்கிறாய், பிள்ளை," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செத்தவீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, உள்ளவர்கள் மடையில் கைவைப்பதில்லை. பக்கத்து வயல்காரர் அவர்களின் முறையைப் பார்த்துக் கொடுப்பது வழக்கம். என் கணவரும் பார்த்தார். அக்காவின் முறை வந்த நாட்களில் தண்ணீரை எங்கள் பக்கம் வெட்டிவிட்டார்.

"குளத்திலை தண்ணி அடியிலை நிக்குது. ரெண்டு வயலுக்கும் காணாது," என்றார்.

அன்று பின்னேரமும் அக்கா வீட்டுக்குச் சோறு கொண்டுபோய், பக்கத்தில் இருந்து அழுதேன்.

"வயல் எப்பிடி, பிள்ளை?"

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அக்கா."

துடக்குக் கழிந்த மறுநாள் அக்கா வயலுக்குப் போனார். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கதிர் முழுக்கப் பதர். வரம்புக்கு இந்தப் பக்கம் எங்கள் நெல் தலைசாய்ந்து நின்றது.

நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார். எனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். "ஐயோ, அக்கா" என்று ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவர் என் கைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"காணும், பிள்ளை. இப்பிடிக் கட்டிப்பிடிச்சு வைச்சுத்தானே என்ரை தண்ணியை எடுத்தனியள்."

கத்தவில்லை, மண் அள்ளித் தூற்றவில்லை. அந்தக் கிழமையே பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போய்விட்டார். ஊரெல்லாம் பாவம் என்றது. நானும் சொன்னேன். மாரிக்கு அந்த வயலையும் நாங்கள்தான் விதைத்தோம்.