வாஷ்பேசின் துண்டும் சீனக் கிண்ணமும்

தோண்டுகிற தொழிலில் இருக்கும் தோழர்களே, வெயிலைத் தாங்கிவிடலாம், ‘என்ன கிடைச்சுது?’ என்ற கேள்வியைத்தான் தாங்க முடியாது.

புதையல் விசாரணை

சுனாமிக்குப் பிறகு புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். பட்டினச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு மணல்மேட்டில் அகழாய்வுக் குழி போட்டிருந்தோம். மேட்டுக்குச் சொந்தக்காரர் மீன் வியாபாரம் செய்யும் செல்வியக்கா. சந்தைக்குப் போகும்போது கூடையை இறக்கிவைத்து எட்டிப் பார்ப்பார். சோழர் காலத்தில் இந்தக் கரையில் கப்பல் வியாபாரம் நடந்ததா என்பதைப் பானை ஓடுதான் சொல்லும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தங்கம் கெடச்சா மட்டும் சொல்லி அனுப்புங்க தம்பி. ஓடு எங்க வீட்லயே கெடக்கு.”

புதுசு வாளி

ஓடுகளைப் பிரிக்க இரண்டு வாளி வைத்திருந்தோம்: பழசு, புதுசு. மேல்மண்ணில் பச்சைப் பளபளப்போடு ஒரு துண்டு வந்தது. சீனாவிலிருந்து கப்பலேறி வந்த பீங்கான் என்று சத்தியமே செய்திருப்பேன். எங்கள் அகழாய்வு இயக்குநர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் புதுசு வாளியில் போட்டார். சுற்றிலும் கட்டட வேலை, அவரைக் குறை சொல்லவும் முடியாது. கலையாத அடிமண்ணில் ஒன்றாவது வரட்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை குழியை மூடிவிடலாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் முதுகில் தட்டினார்: “கழுவி வச்சிட்டா வாஷ்பேசின் சீனக் கிண்ணமாயிடுமாப்பா?”

செங்கல் தளத்துக்கு அடியில்

வெள்ளிக்கிழமை மத்தியானம், பழைய செங்கல் தளம் ஒன்றைப் படமெடுத்துவிட்டுப் பெயர்த்தோம். அடியில் அடுப்புச் சாம்பல், மீன் முள், கரிபிடித்த நம்மூர்ச் சட்டி, அதை ஒட்டிப் பச்சைக் கிண்ணத்தில் பாதி. எந்த வாஷ்பேசினும் அந்தத் தளத்துக்கு அடியில் புகுந்திருக்க முடியாது. குழிக்குள் குதிக்காதே என்று எல்லோரையும் திட்டுகிற நானே குதித்தேன். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தார். பிறகு நேராகப் போய், புதுசு வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். அந்தக் காட்சிக்காகவே இன்னொரு கோடையையும் அந்த மணலில் கழிப்பேன்.

கிண்ணத்தின் உடைந்த ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. உடைந்த பிறகும் கம்பி கோத்துக் கட்டிப் புழங்கியிருக்கிறார்கள். சீனத்துச் சரக்கு அரண்மனைக்கு மட்டும் போகவில்லை, மீன் சமைத்த வீட்டுக்கும் வந்திருக்கிறது. சாயங்காலம் செல்வியக்காவிடம் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, துளைகளை விரலால் தடவினார்: “ஒடஞ்சதத் தூக்கிப்போட மனசில்லாம கட்டிவச்சுப் பொழங்கியிருக்காங்கன்னா, அது எங்க ஆளுங்கதாங்க தம்பி.”

சனிக்கிழமை குழியை மூடவில்லை, பக்கத்திலேயே இன்னும் இரண்டு தோண்டச் சொல்லிவிட்டார் இயக்குநர். நம் தொழிலில் ஜெயித்தவனுக்குக் கிடைக்கிற பரிசு மண்வெட்டிதான்.