வெயில் வளையத்துப் பிள்ளையார்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். துபாயில் சாரம் கட்டும் வேலை பார்த்தேன். கம்பெனி மூடிவிட்டது. வெறுங்கையோடு நீடாமங்கலத்தில் இறங்கி, அடுத்த விசா வரும்வரை கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அப்படித்தான் எறும்பு பார்க்கும் வேலை கிடைத்தது.

வேதாரண்யம் பக்கம் கடலோரக் காட்டில் ஒரு ஆராய்ச்சி மேடம் ஆள் தேடினார். பூமி சூடாகிக்கொண்டே போனால் காட்டு எறும்புகள் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. அதற்காகத் தரையில் அங்கங்கே பிளாஸ்டிக் தகடுகளை வளையமாக நட்டிருந்தார். உள்ளே காற்று தேங்கிச் சூடு கூடும். உச்சிவெயிலில் ஒரு ஓட்டுத் துண்டில் வெல்லமும் கருவாடும் வைத்து, எந்த எறும்பு வருகிறது என்று பார்க்க வேண்டும். மழைக்கு முன் முடிக்காவிட்டால் மேடத்தின் லீவும் தீர்ந்துவிடும், பட்ட பாடும் வீண்.

சூடு கூடியதும் பிள்ளையார் எறும்புகள், அதுதான் கடிக்காத சின்னக் கறுப்பு எறும்புகள், பகலில் வெளியே வருவதை நிறுத்தின. நீளக்கால் எறும்புகள் மட்டும் வெல்லத்தை மொய்த்தன. மேடத்துக்குப் பரம திருப்தி.

இடையில் மேடம் காய்ச்சலில் படுத்துவிட்டார்; சில நாள் நானும் காட்டுப் பக்கம் போகவில்லை. தேறி வந்து பார்த்தால், காட்டோர வளையத்துக்குள் நட்ட நடுப்பகலில் பிள்ளையார் எறும்புகள் கல்யாணப் பந்திபோல் கூடியிருந்தன. மேடம் முகம் வெளுத்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே பனையோலைக் கூரை. கீழே ஈரத்தரை, அரிசிமாக் கோலம், நடுவில் மஞ்சள் பூசிய ஒரு கல் பிள்ளையார்.

விறகு பொறுக்க வரும் பெண் ஒருத்தி குடத்துத் தண்ணீரோடு வந்தார்.

"அக்கா, யாரு இதெல்லாம் செஞ்சது?"

"நாங்கதான் தம்பி. நீங்க ரெண்டு பேரும் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, வெல்லம் வச்சு, தலையக் குனிஞ்சு அசையாம உக்காந்திருக்கறத தெனம் பாக்கறோமே. சரி, சக்தியுள்ள எடம்னு புரிஞ்சுபோச்சு. ஆனா சாமிய இப்படி வெயில்லயா காயப்போடுவாங்க?"

"எறும்பு மெரளாம இருக்கத்தான்க்கா செருப்பைக் கழட்டறோம்."

"யாருகிட்ட கதை விடற? வேண்டிக்கிட்ட மறுநாளே எம் மவனுக்கு சவுதி விசா வந்துடுச்சு. கருவாடு மட்டும் வைக்காதீங்க, பிள்ளையாருக்கு ஆவாது."

விசா என்ற சொல் காதில் விழுந்ததும் என் கைகள் தாமாகவே காதைப் பிடித்தன. ஒரு தோப்புக்கரணம் போட்டேன். மேடம் முறைத்தார்.

"சதுர்த்திக்கு மத்த வளையத்துக்கும் ஓலை போட்டுடறோம்மா, கவலைப்படாதீங்க" என்றார் அந்தப் பெண்.

மேடம் அவரிடம் திரும்பினார். "இது சாமி இல்லம்மா. சூடு ஏறினா எறும்பு எங்க போவுதுன்னு பாக்கறேன்."

"நெழலுக்குத்தான் போவும். எம் மவன் மாதிரி வெயிலுக்கா போவும்?"

"நெழலும் சூடாயிட்டா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா, அதுக்கும் சேத்து வேண்டிக்கறேன்" என்று குடத்தைப் பிள்ளையார் தலையில் கவிழ்த்தார்.

அந்த வளையத்தைக் கைகழுவினோம். மற்றவற்றுக்கு ஓலை ஏறாமல் தடுக்க வேண்டும். பிரித்துப் போட்டால் சண்டை வரும். மேடம் ராத்திரி முழுக்க யோசித்தாராம். காலையில் என்னைச் சந்தைக்கு அனுப்பி ஒரு சாக்கு கருவாடு வாங்கிவரச் சொன்னார். சரம் சரமாகக் கட்டி, வளையங்களுக்குப் போகும் பாதையில் மரத்துக்கு மரம் தோரணம் விட்டோம்.

சதுர்த்தியன்று ஓலைக்கட்டுகளோடு பெண்கள் வந்தார்கள். முதல் மரத்தடியிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

"சீ! இங்க சாமி ஒரு நிமிஷம் இருப்பாரா?"

அப்படியே திரும்பினார்கள். புதருக்குப் பின்னால் மேடம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மழை இறங்கும்வரை வளையங்கள் சூடாகவே இருந்தன. வேலை முடிந்தது. எங்கள் துணிமணியில் ஏறிய நாற்றம்தான் போகவில்லை. எவ்வளவு கூட்டமான பஸ்ஸிலும் எங்கள் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.