பாரி சவுண்ட் அம்மி

இராஜேஸ்வரியைத் தெரியாதவர்கள் புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மல்வேர்னில் குறைவு. மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் நெடுங்கால வேலை. வாயும் கொஞ்சம் நீளம். ஒரு கோடையில் பாரி சவுண்ட் என்ற ஏரிக்கரை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, தெருவுக்காக வெடிவைத்துப் பிளந்த பாறையடியில், கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய தட்டைக்கல் ஒன்றைக் கண்டார். "அம்மி மாதிரியே கிடக்கு!" என்று வண்டியை நிறுத்தி ஏற்றுவித்தார். மகள் கஜனி தன் கலியாணத்தில் மிதித்தது அந்தக் கல்லைத்தான்.

கலியாணம் இரண்டு வருசம்கூட நிலைக்கவில்லை. மாப்பிள்ளை கைநீட்டுகிறவன். இராஜேஸ்வரியோ பழியைக் கல்லின்மேல் போட்டார். "தெருவிலை கிடந்த கல்லிலை பிள்ளையின்ரை காலை வைப்பிச்சனே" என்று கண்டவர் எல்லோரிடமும் புலம்பினார். கல் பின்வளவில் பனிக்குள் கிடந்தது.

இப்போது கஜனிக்கு மறுபடி கலியாணம், பிரியந்தனோடு. ஊரிலிருந்து அசல் அம்மியே வந்து இறங்கிவிட்டது. கஜனி பழைய கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"உனக்கென்ன விசரே? உந்த ராசியில்லாத கல்லோ வேணும்?"

"அம்மா, நான் தேடிப் படிச்சனான். நூறு கோடி வருசத்துக்கு முந்திக் கண்டங்கள் மோதி, உது கிடந்த இடத்திலை இமயமலை மாதிரி மலை எழும்பினதாம். அந்த மலைக்குக் கீழை, ஆழத்திலை, நசிஞ்சு வெந்து, உருகாமலே வேறை கல்லா மாறினது உது. அந்த வரியெல்லாம் அப்ப விழுந்தது. மேலை நிண்ட மலை தேஞ்சு போச்சு. உது கிடக்கு."

"கதை நல்லாத்தான் இருக்கு. உன்ரை வாழ்க்கையெல்லோ போனது?"

"அது கல்லாலை போகேல்லை, அம்மா. அவனைப் பிடிச்சிருக்கோ எண்டு என்னட்டை ஒருக்காலாவது கேட்டனீங்களே?"

அந்த முதல் மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்தது இராஜேஸ்வரிதான். கல்லை விட்டால் ஏசுவதற்கு மிச்சம் இருந்தது தன்னை மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இவ்வளவு காலமும் மகள் அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்ததுதான் நெஞ்சைச் சுட்டது.

செருப்பைக் கொழுவிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். கல்லை அசைக்க முடியவில்லை.

"பிள்ளை, இஞ்சை வந்து ஒரு பக்கம் பிடி."

இருவருமாகக் குசினிக்குத் தூக்கி வந்தார்கள். சுடுதண்ணீர் ஊற்றி, மண் போகத் தேய்த்து, மஞ்சள் பூசினார் இராஜேஸ்வரி. நிமிராமலே கேட்டார்:

"பிரியந்தனை உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"ஓம், அம்மா."