திறப்பை எறிந்த இளவரசி

பத்து வயதில் நான் ஒரு இளவரசியின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் பெருமைதான். வெட்கப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்படுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

அறுபதுகளில் நடந்தது. வாடைக்காற்று பிறந்துவிட்டால் மன்னார்த் தீவின் வடகரைக் கடல் தொழிலுக்கு ஆகாது. வலை, சட்டிபானை, பிள்ளைகள், மாதா சுரூபம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முள்ளிக்குளப் பக்கக் கரைக்குப் போய், ஓலைக்கொட்டில் போட்டு நாலு மாதம் இருப்போம். அதைத்தான் வாடி என்போம். ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் வட்டமாக இருந்து மீன் வெட்டி, உப்புப் போட்டு, கருவாடு காயவைப்பார்கள். பிள்ளைகளுக்கும் அதே வேலைதான். பள்ளிக்கூடம் எங்களைத் தேடவில்லை. நாங்களும் அதைத் தேடவில்லை.

அந்த வருடம் எனக்கு மட்டும் வேலை மாறியது. கெளிற்று மீனின் முள் உள்ளங்கையில் ஏறிக் கை வீங்கிவிட்டது. உப்பில் கை வைக்க முடியாது. சும்மா இருக்கிற பிள்ளையைக் கண்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. மாமா கிழமைக்கு ஒருதரம் மன்னார் பட்டினத்துக்குப் போய் வரும்போது ஒரு வாரப்பத்திரிகை வாங்கி வருவார். அதை என் கையில் தந்து, எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொன்னார் அம்மா. வட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் வேறும் இருந்தார்கள். ஆனால் காய்ந்த கை என்னுடையது ஒன்றுதான்.

மத்தியானத் திரிகால செபம் முடிந்ததும் கவிழ்த்த பெட்டி ஒன்றில் ஏறி இருந்து வாசிப்பேன். பெரியம்மா உட்பட எட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு என் வாயைப் பார்ப்பார்கள். இப்படி ஒரு மரியாதை எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. இரண்டு கிழமையில் புண் ஆறிவிட்டது. கையில் சுற்றியிருந்த சீலைக்கட்டை நான் அவிழ்க்கவில்லை. யாராவது பார்த்தால் முகத்தைச் சுளித்துக்கொள்வேன்.

அவர்களைக் கட்டிப்போட்டது ஒரு மாயக்கதைத் தொடர். மந்திரவாதி ஒருவன் இளவரசியை அரண்மனையிலிருந்து துரத்தி, உப்பளத்துச் சனங்களிடையே தன் பெயர் மறந்து திரியவிடுகிறான். அவள் ஏழு மலை ஏறி, பேசுகிற மீனிடம் வழி கேட்டு, கடைசியில் அரண்மனைக் கதவின் திறப்பை, அதாவது சாவியை, கண்டெடுக்கிறாள். திறப்பும் கையுமாக அவள் கோட்டை வாசலில் நிற்கும்போது ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க வாடியில் வேறு பேச்சில்லை.

அடுத்த இதழ் வந்தபோது, எல்லாருக்கும் முதலில் நான் அறிந்துவிட வேண்டும் என்ற அவா. மாமாவிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடினேன். வாடைக்காற்று அதை என்னிடமிருந்து பறித்து மீன் கழுவிய தொட்டிக்குள் போட்டது. எடுத்துப் பார்த்தால் தாளெல்லாம் ஒட்டிக் கஞ்சியாகிவிட்டது. அதை மணலுக்குள் புதைத்தேன். உண்மையைச் சொன்னால் பெட்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சீலைக்கட்டையும் அவிழ்த்துப் பார்ப்பார்கள். பழைய இதழ் ஒன்றை அட்டை தெரியாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு, சொந்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

முதலாவது வசனத்திலேயே சிக்கல். இளவரசி கதவைத் திறந்தால் உள்ளே அரண்மனையைக் காட்ட வேண்டும். நான் பார்த்த பெரிய கட்டடங்கள் இரண்டே இரண்டு: மடு மாதா கோயில், மன்னாரில் அரசாங்க அலுவல் நடக்கும் கச்சேரி. இரண்டிலும் ஒரு இளவரசி குடியிருக்கத் தோதான இடம் இல்லை. ஆகவே நான் அவளை உள்ளே விடவில்லை. திறப்பைக் கடலில் எறிந்துவிட்டு உப்பளத்துக்குத் திரும்பிப் போனாள் என்று வாசித்துவிட்டு, ‘தொடரும்’ என்றேன்.

கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன.

“பைத்தியக்காரி! ஏழு மலை ஏறினது இதுக்கோ?” என்றார் பெரியம்மா.

“மந்திரவாதி உள்ளுக்கு ஒளிச்சிருக்கிறான் எண்டு பயந்திருப்பாள்” என்றார் அம்மா. உப்பளத்தில் ஒரு பெடியன் இருந்திருப்பான் என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. செய்வினை என்றாள் இன்னொருத்தி. கருவாடு வாங்க வந்த எருக்கலம்பிட்டி வியாபாரி நானாவும் தராசைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். இரண்டு நாள் கழித்து வந்தவர், “அடுத்த வாடியிலயும் இதே சண்டைதான், புள்ளை. நான் சொல்லிப்போட்டுப் பட்ட பாடு!” என்றார். என் கதை கரை வழியே நடந்து போயிருக்கிறது! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்து, கதைக்குள் சொல்லும் பொய் பத்துக் கட்டளைக்குள் வராது என்று நானே தீர்த்துக்கொண்டேன்.

சின்னம்மா மட்டும் அந்தச் சண்டையில் சேரவில்லை. அம்மாவின் கடைசித் தங்கை அவர். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.சி. சோதனையில் சித்தியடைந்த முதல் ஆள். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலைக்கு வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அவர் அதை வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்துவிட்டு எங்களோடு வாடிக்கு வந்துவிட்டார். அவருக்குக் கொழும்பென்றால் பயம் என்றார்கள். சிங்களம் படிக்கச் சொல்வார்கள் என்ற பயம் என்றார்கள். இங்கே யாரோ ஒருவனில் விருப்பம் என்றும் சொன்னார்கள். “இன்னும் ஒரு மாசம் தவணை இருக்கு, யோசி” என்று மாமா ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார். சின்னம்மா எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “எனக்கு இங்கை பிடிச்சிருக்கு.” அதை ஒருவரும் ஒரு பதிலாக எடுக்கவில்லை.

இளவரசியைப் பற்றிய சண்டை மூன்றாம் நாளும் ஓயாதபோதுதான் அவர் வாய் திறந்தார்.

“ஏன், அவளுக்கு அங்கை இருக்கப் பிடிச்சிருக்கலாம்தானே?”

“அரண்மனையை விட்டுட்டு உப்பு அள்ளப் பிடிக்குமோ? விசர்க்கதை” என்று சொல்லிவிட்டார் பெரியம்மா. சின்னம்மா குனிந்து ஒரு கட்டா மீனை முதுகோடு பிளந்தார்.

அடுத்த கிழமை உண்மையான இதழ் வந்தது. இந்தமுறை நான் ஓடவில்லை. பெட்டியில் ஏறி இருந்து வாசித்தேன். இளவரசி அரியணையில், பட்டு மெத்தையில் சாய்ந்திருக்கிறாள். இடுப்பில் திறப்பு.

“நில்லு” என்றார் அம்மா. “கடலிலை எறிஞ்ச திறப்பு இடுப்புக்கு எப்படி வந்தது? மேலை முன்கதைச் சுருக்கம் எண்டு ஒண்டு போடுவாங்கள்தானே. அதை வாசி பாப்பம்.”

அதை நான் வேண்டுமென்றே தாண்டியிருந்தேன். இளவரசி கதவைத் திறந்து, மக்கள் மலர் தூவ உள்ளே போனாள் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எழுத்து மங்கலாக இருக்கிறது என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சீலைக்கட்டு தானாகவே அவிழ்ந்துவிடும் போலிருந்தது.

“கையைக் கழுவிப்போட்டு நீ ஒருக்கா வாசி” என்று சின்னம்மாவிடம் சொன்னார்.

சின்னம்மா கடலில் கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து பத்திரிகையை வாங்கினார். முழுதையும் மனதுக்குள் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டேன்.

சின்னம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்று, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: “இளவரசி திறப்பைக் கடலில் எறிந்தாள். யாருக்கும் பயந்து அல்ல. யாரையும் நினைத்தும் அல்ல. உப்பளத்தில் இருக்க அவளுக்குப் பிடித்திருந்தது. அரண்மனையில் இப்போது இருப்பவள் மந்திரவாதி செய்துவைத்த பொய்யுரு.”



“அப்ப அவளுக்கு மெய்யாவே பிடிச்சுத்தான் இருந்திருக்கு” என்றார் அம்மா, மெதுவாக.

“புத்தகத்திலையே போட்டிருக்கு, பிறகென்ன” என்றார் பெரியம்மா. “நானும் பாத்தனான், அந்தப் பட்டு மெத்தைக்காரியிலை ஏதோ பிழை இருக்கெண்டு.”

என்னைத் திரும்பப் பெட்டியில் ஏற்றினார்கள். வாடி கலையும்வரை நான்தான் வாசித்தேன். அரியணையில் இருந்தவளை எங்கள் வட்டம் ஒருநாளும் மன்னிக்கவில்லை. அவளுக்குக் கலியாணம் நடந்த கிழமைகூடப் பெரியம்மா “கள்ளி” என்றார். எழுதியவருக்கு இது தெரியவே தெரியாது. இத்தனை பேரை ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் பக்கம் இழுத்துவிட்டாள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும்.

தவணை முடிந்தது. சின்னம்மா கொழும்புக்குப் போகவில்லை. என்னிடமும் அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடும்பத்திலேயே படித்த பெண், என் மானத்தைக் காப்பாற்ற எட்டுப் பேர் முன்னால் பொய் வாசித்தார் என்று ஊருக்குத் திரும்பியதும் தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன். அதை அவர் எனக்காகத்தான் வாசித்தார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.