தோற்றவனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

ராயபுரத்தில் ஒருவன் செத்தால், அவன் உடல் வீட்டை விட்டுப் போவதற்குள் அவன் முகம் சுவருக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, தலைக்கு மேலே சிலுவை, கீழே தோற்றம், மறைவு, அடக்கம் எத்தனை மணிக்கு என்ற விவரம். 'கண்ணீர் அஞ்சலி' என்று கண்ணில் பட்டதும் நின்று முகத்தைப் பார்ப்பார்கள். தெரியாத முகமென்றால் நடையைக் கட்டுவார்கள். லூர்து அந்தச் சுவரொட்டியை உயிரோடிருப்பவர்களுக்குச் செய்துகொண்டிருந்தான்.

நாற்பத்திரண்டு வயது. கல்மண்டபத்துக்குப் பின்னால் பிறந்து அங்கேயே வளர்ந்தவன். இருபத்துமூன்று வயதுவரை தெருக் கால்பந்து அணிக்கு வலது பக்கத் தடுப்பாளன். திருவொற்றியூரில் நடந்த ஒரு போட்டியில், பந்து போன பிறகு ஒருவன் இரண்டு காலாலும் அவன் முட்டியின் மேல் ஏறிக் குதித்தான். உள்ளே ஏதோ கயிறு அறுந்த மாதிரி சத்தம் கேட்டது. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். முட்டி அதற்குப் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. பந்தை விட்டுத் துறைமுகத்துக்குப் போனான்.

கப்பல் மேல்தட்டில் ஆறு அடுக்காக நிற்கும் கன்டெய்னர்களை நீள இரும்புக் கம்பிகளால் பிணைப்பதும் அவிழ்ப்பதும் அவன் வேலை. லாஷிங் என்பார்கள். மேலே ஒருவன் கம்பியை அவிழ்க்கும்போது கீழே ஆள் நிற்கக்கூடாது. ஒருமுறை கீழே நின்ற ஒருவனை லூர்து பார்த்திருக்கிறான். தலைக்கவசத்தில் கீறல்கூட இல்லை. அதற்குள் இருந்த தலை மட்டும் உடைந்திருந்தது.

இப்படி வேலை பார்க்கிறவனுக்குச் சாயங்காலத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பெயர் 'மூணாவது பாதி'. அறுபத்துநான்கு பேர். எங்கோ இங்கிலாந்தில் ஆடும் இரண்டு அணிகளுக்காகச் சிவப்பு, நீலம் என்று பிரிந்து நின்றார்கள். ஒருவர்கூட விமானம் ஏறியதில்லை. ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். இவர்கள் பேச்சு முடியாது.

"வீடியோல நாலு வாட்டி பாத்தும் ரெஃபரிக்கு பெனால்டி தெர்லயாம். நம்ம கவுன்சிலர அங்க அனுப்சிட்டானுங்களா?"

"கவுன்சிலருக்கு தன் வூட்டு வாசல்ல தோண்டிப் போட்ட கால்வாயே தெர்ல. இதுல பெனால்டியாம்."

"எங்கம்மா பாக்கற சீரியல்ல ஜட்ஜம்மா ஒரே எபிசோடுல தீர்ப்பு குட்துச்சு மாமு. அத்த ரெஃபரியா போடு."

"சீரியல்ல தான்டா ஒரே எபிசோடு. நம்ம கோர்ட்டுல வாய்தா வாங்கியே ஆளு கெழவனாயிடுவான்." இது பிராங்கிளின். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. குழுவில் சட்டம் என்றால் அவன் வைத்ததுதான்.

கோல் போட்டால் 'பொளந்துட்டோம்' என்பார்கள், தோற்றால் 'கழுத்த அறுத்துட்டானுங்க' என்பார்கள். தேர்தல், தொலைக்காட்சிப் போட்டியில் வெளியேற்றப்பட்ட நடிகை, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், எதைப் பேசினாலும் வெட்டும் குத்தும் வந்துவிடும். நாளைக்கு நூறு முறை கொலை என்ற சொல் விழும். உண்மையில் நடந்த ஒரு கொலையைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை எழுதமாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், உள்ளூர்ப் போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தில், தகராறு முற்றி வெற்றி என்பவன் எதிரணிக் கோல்கீப்பரை வயிற்றில் குத்தினான். ஐஸ் உடைக்கும் ஊசியால், மூன்று முறை. எல்லைக் கோட்டில் கொடி பிடித்து நின்ற ஜெரி பத்தடி தூரத்தில் அதைப் பார்த்தான். செத்தவனின் ரத்தம் அந்தக் கொடியிலும் தெறித்தது. வெற்றி இப்போது ஜாமீனில் வெளியே இருந்தான். ஜெரிதான் முக்கிய சாட்சி. வியாழக்கிழமை அவன் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும்.

ஜெரி 'மூணாவது பாதி'யில் இருந்தான், நீலம். வெற்றியின் தம்பி திலீப்பும் இருந்தான்; சிவப்பு. காசிமேட்டில் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அண்ணன் செய்த காரியத்துக்காகப் பலமுறை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் அடிக்கப்பட்டவன். குழுவில் இருவரும் பந்தைப் பற்றி மட்டும் திட்டிக்கொள்வார்கள். அந்தக் குழுவின் ஒரே நாகரிகம் அதுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பெரிய தோல்வி என்றால், தோற்ற பக்கத்தில் அதிகம் வாயடித்தவனுக்கு லூர்து கைப்பேசியிலேயே கண்ணீர் அஞ்சலி செய்து போடுவான். அஞ்சலி வாங்கியவன் மறுநாள் சாயங்காலம் வரை கைப்பேசியை அணைத்து வைக்கவேண்டும். செத்தவன் பேசக்கூடாது என்று விதி.

ஆரம்பத்தில் அந்தச் சுவரொட்டிகள் கேலியாகவே இருந்தன. அணியின் சின்னம், அழும் பொம்மை, 'மறைவு: 90-வது நிமிடம்'. போகப்போக லூர்துவுக்கு அது பிடிக்காமல் போனது. கேலி தெரிகிற கேலி மட்டமானது என்று அவனுக்குத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்தான். முதலில் பொம்மை போனது. பிறகு சின்னம் போனது. சுவர்களில் நின்று நிஜச் சுவரொட்டிகளைக் கவனித்து எழுத்தின் தடிமனைக்கூடச் சரிசெய்தான். இரும்புக் கம்பி பிடித்துக் காய்த்த விரல்களால் நுணுக்கமாக ஒரு வேலை செய்யமுடிகிறது என்பதில் அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீலம் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. மணி எட்டுகூட ஆகவில்லை. லூர்து ஜெரியின் படத்தை எடுத்தான். திருவிழாவில் வெள்ளைச் சட்டையோடு நிற்பது. தோற்றம், மறைவு, 'நல்லடக்கம்: திங்கள் மாலை 4 மணி, காசிமேடு கல்லறைத் தோட்டம்'. '90-வது நிமிடம்' என்ற வரி ஒன்றுதான் கேலியாக மிச்சம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டான்.

"நிஜமாவே செத்துட்டா மாரியே கீதுண்ணா!" என்று எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டான் திலீப். தன் ஸ்டேட்டஸிலும் வைத்துக்கொண்டான்.

"தூ, கலீஜ் பசங்களா. நாளிக்கி வரேன்" என்று எழுதிவிட்டு ஜெரி விதிப்படி கைப்பேசியை அணைத்தான்.

அவர்கள் யாரும் கடலில் இருந்த ஒருவனை நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்கே கப்பலேறிய லூர்து, இரண்டு மணிக்கு வாசலுக்கு வந்துதான் கைப்பேசியைக் கையில் வாங்கினான். மேல்தட்டில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அறுநூற்றுப் பதினான்கு செய்திகள் வந்திருந்தன. மதில் ஓரமாக நின்று முதலிலிருந்து படித்தான்.

ஜெரியின் அண்ணன் சிலுவைமுத்து விசைப்படகில் போய்ப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. விடியற்காலை கரை நெருங்கி டவர் கிடைத்ததும் வழக்கம்போல மீன் ஏற்ற ஆட்டோவுக்குச் சொல்ல திலீப்பின் எண்ணை எடுத்திருக்கிறான். ஸ்டேட்டஸில் தம்பியின் முகம். இரண்டு மெழுகுவர்த்தி. ஜெரிக்கு போன் அடித்தான், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தான். பதினேழு முறை அடித்தான் என்று படகிலிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். வியாழக்கிழமை சாட்சி என்பது அவனுக்குத் தெரியும். அஞ்சலி போட்டிருப்பவன் யாருடைய தம்பி என்பதும் தெரியும். வலை அறுக்கும் கத்தியைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு, படகு சரியாக அணைவதற்குள் குதித்தான்.

மீன் வாங்க வந்த யாரோ எடுத்த காணொளி நாற்பத்தோரு நொடி ஓடியது. லூர்து அதை முழுதாகப் பார்த்தான். திலீப் ஆட்டோவில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். முதல் வெட்டு தோளில் விழுகிறது. டீ கிளாஸ் கையிலேயே இருக்கிறது. இரண்டாவது வெட்டுக்கு இடது கையைத் தூக்குகிறான்.

"அண்ணே, ஜெரி உயிரோட கீறாண்ணே! வூட்ல தூங்கினு கீறாண்ணே!"

"எந்தம்பி பேர சொல்லாத! சொல்லாதடா!"

மூன்று விரல்கள் பனிக்கட்டித் தூளில் விழுந்து கிடக்கின்றன. திலீப் அவற்றைப் பார்க்கிறான், அப்புறம்தான் கத்துகிறான். கூட்டத்தில் ஒருவரும் கிட்டே போகவில்லை. நான்காவது வெட்டு முதுகில் இறங்கும்போது ஜெரி கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். சிலுவைமுத்து தம்பியைப் பார்த்து அப்படியே நிற்கிறான். பிறகு ஓங்கி ஜெரியின் கன்னத்தில் அறைகிறான். காணொளி அதோடு நின்றுவிட்டது.

அதற்குக் கீழே பிராங்கிளின் எழுதியிருந்தான்: "எல்லாரும் அந்த போஸ்டர உடனே டெலிட் பண்ணு. சாட்சிய மெரட்டுனான்னு திலீப் மேல கேஸ் போட்டுட்டாங்க. ஸ்டேட்டஸ் அவன் போன்ல தான் கீது. வெற்றியயும் தூக்கிட்டாங்க, ஜாமீன் கேன்சலாவும். வாயத் தொறக்காம இருந்தா நமக்கு ஒரு பேஜாரும் இல்ல." அறுபது பேரும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

லூர்து பிராங்கிளினைக் கூப்பிட்டான்.

"செஞ்சது நான்டா."

"தெரியும்ணா. உனுக்கு ஹார்பர் பாஸ் புதுப்பிக்க போலீஸ் சர்டிபிகேட்டு அடுத்த மாசம். பேர்ல ஒரு எஃப்ஐஆர் வுழுந்தா ஹார்பர் கேட்டுக்குள்ள வுட மாட்டான். அந்த முட்டிய வச்சிகினு வேற எங்க போவ?"

"திலீப்பு?"

"அவன் வூட்டுக்கு இது பழக்கம் தானண்ணா."

அடுத்துப் போனில் கூப்பிட்டது ஜெரி. கன்னம் வீங்கி, பேச்சு குழறியது. "லூர்துண்ணா, நீ போய் வெளாட்டுக்கு செஞ்சேன்னு சொன்னா வெற்றி மறுபடி வெளிய வந்துருவான். வியாழக்கெழமை நா கூண்டுல ஏறணும். எங்கண்ணன் மெரட்டலுன்னு நெனச்சு வெட்னான்னா கொஞ்சமாச்சும் தண்டனை கொறையும். வெறும் வெளாட்டுன்னா முழுசா உள்ள போவான். நீ எதுவும் செய்யாதண்ணா. சும்மா இரு, போதும்."

சும்மா இருப்பதற்கு ஏற்பாடு எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. குழு அழித்துவிட்டது, சாட்சி வாய் திறக்கவில்லை, பாதிக்கப்பட்டவனே குற்றவாளி ஆகிவிட்டான். லூர்து செய்ய எதுவும் பாக்கியில்லை. அன்று அவன் ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையும் வேலைக்குப் போனான். இரண்டு ஷிப்டு கம்பி அவிழ்த்தான். கீழே ஆள் இருக்கிறானா என்று வழக்கத்தைவிட அதிகமாகக் குனிந்து பார்த்தான், அதற்குமேல் எதுவுமில்லை. இதை மறைத்து அவனை நல்லவனாக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனான். திலீப்பின் வலது கால் கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. தூரத்தில் ஒரு காவலர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இடது கை பெரிய துணிப்பந்தாக இருந்தது.

"நா உம்பேர சொல்லலண்ணா" என்றான் திலீப், கேட்காமலே.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நம்பவா போறாங்க? எங்கண்ணன் பேர சொல்லித்தான் அடிக்கறாங்க. நா எத்த சொன்னா இன்னா." சிரிக்கப் பார்த்தான், முதுகுத் தையல் இழுத்தது. "இந்தக் கையில கியர் போட முடியாதுல்லண்ணா?"

"கியரு இடது கையா?"

"ஆமாண்ணா."

லூர்து போர்வையை இழுத்து விலங்கை மூடினான்.

"ஆனா போஸ்டரு சூப்பர்ணா" என்றான் திலீப். "எனக்கே ஒரு செகண்டு பக்குனு ஆச்சு."

லூர்து எழுந்தான். முட்டி மக்கர் செய்தது. கட்டிலைப் பிடித்து நின்று, பிறகு நடந்தான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வெற்றி எவ்வளவு கொடுத்தான்?"

"யாரும் குடுக்கல சார். செஞ்சது நான். பந்து மேட்ச்சுக்கு."

"பந்து மேட்ச்சுக்குச் சாவு போஸ்டரா? லாஷிங் வேலை பார்க்கிற நீ இதைச் செஞ்சியா? கதை விடாதே." நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சரி, என் எதிரே செஞ்சு காட்டு."

"யாரு போட்டோ சார்?"

"உன்னோடதுதான். வேற யாருடையது?"

கைப்பேசியில் தன் படம் ஒன்றைத் தேடினான் லூர்து. துறைமுகப் பாஸுக்காக எடுத்தது ஒன்றுதான் இருந்தது. விரல்கள் அவனைக் கேட்காமலே வேலை பார்த்தன. சிலுவை. மெழுகுவர்த்தி. தோற்றம் என்பதற்கு எதிரே பிறந்த தேதி. மறைவு என்பதற்கு எதிரே அன்றைய தேதி. எழுத்தின் தடிமனை ஒருமுறை சரிசெய்தான். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அடியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'இது பந்தாட்ட விளையாட்டுக்காகச் செய்தது' என்று சின்ன எழுத்தில் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை இந்த வரிக்கு அரை நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நிஜம் மாதிரியே இருக்குய்யா" என்றார்.

வெளியே வராந்தாவில் ஜெரி நின்றிருந்தான். யாரோ சொல்லி ஓடி வந்திருக்கவேண்டும். மறுநாள் காலை பத்தரைக்கு அவன் கூண்டில் ஏறவேண்டும். வெற்றி உள்ளே இருப்பானா வெளியே இருப்பானா என்பது இனி யாருக்கும் நிச்சயமில்லை. ஜெரி லூர்துவைத் திட்டவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். லூர்து அவன் பக்கம் திரும்பத் துணியவில்லை.

எழுத்தர் தாளை இழுத்து வைத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதினார். வேலை என்ற இடத்தில் பேனா நின்றது.

"துறைமுகமா? பாஸ் இருக்கா?"

லூர்து கழுத்திலிருந்த நாடாவைத் தலைவழியாகக் கழற்றி, பாஸை மேஜைமேல் வைத்தான்.