எங்கள் ஊருக்கு வைக்காத புள்ளி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் வீட்டில் அண்ணன் தண்ணீர் கேட்டுக் குடித்திருக்கிறார். மீதிப் பேர், அவர் வருவது தெரிந்ததும் கேன் தண்ணீர் வாங்கி வைத்தீர்கள். இரு சாராருக்கும் குடும்பத்தின் வணக்கம்.

அண்ணன் பிறந்தது நீடாமங்கலத்தில், அம்மாவின் பிறந்தகத்தில். வாழ்ந்ததெல்லாம் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பாசன வாய்க்கால் வந்து முடியும் எங்கள் ஊரில். அப்பா சீக்கிரம் காலமானதால் படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கினார். அதனால் நான் படித்தேன். வருவாய்த்துறையில் சேர்ந்து, எந்த மனு எந்த மேசையில் உறங்கும் என்பதைக் கற்றுத் தேர்ந்தேன். நடவுக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் இலை போட்டு உட்காருவார். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

ஒருமுறை அவர் கேட்டதற்காக, முறைப்படி கட்டணம் செலுத்தி, எங்கள் தாலுகாவின் வரைபடம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஊர் எல்லை, சாலை, வாய்க்கால், சுடுகாடு எல்லாம் அதில் உண்டு. தண்ணீரின் ருசி கிடையாது. அதை அண்ணன் சேர்த்தார். கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று எந்த ஊருக்குப் போனாலும் மோட்டார் தண்ணீர் ஒரு டம்ளர் கேட்பார். நன்றாயிருந்தால் படத்தில் அந்த ஊருக்குப் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி, உப்புக் கரித்தால் சிவப்புப் பேனாவால்.

முதலில் அந்தப் படம் அம்மை போட்ட உடம்பு போல இருந்தது. சில ஆண்டுகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. அதிராம்பட்டினத்துப் பக்கம் தொடங்கிய சிவப்பு, ஆற்றுத் தண்ணீர் எட்டாத வாய்க்கால்களின் வால் வழியாக வடக்கே ஏறியிருந்தது. அணையில் தண்ணீர் திறப்பதா வேண்டாமா என்று மேலே வழக்காடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் வேகமாக ஏறியிருந்தது. சிவப்பு விழுந்த ஊர்களில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள்; புது மாடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பயிர் இழப்பீடு, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று நான் தனித்தனிக் கோப்புகளாகத் தள்ளிவிட்டதெல்லாம் ஒரே படமாக எதிரில் நின்றது. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

உறவுகளும் பயந்தார்கள். எங்கள் சித்தப்பா மகள் கேன் தண்ணீரை நீட்டிவிட்டு, "அண்ணே, நெலத்த விக்கப் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க பாட்டுக்குப் புள்ளிய வச்சிட்டுப் போயிடாதீங்க" என்றாள்.

"விக்கிறேன்னு சொல்லிட்டேல்ல? இனிமே நான் வேற குடிச்சுப் பாக்கணுமா?" என்று அண்ணன் சிரித்தார்.

எங்கள் ஊருக்கு மட்டும் அவர் புள்ளி வைக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"தெனம் குடிக்கிறவன் நாக்கு உள்ளதச் சொல்லாதுடா. கொஞ்சங்கொஞ்சமா ஏறுனா அதுக்குத் தெரியாது. வெளியூர்க்காரங்கதான் சொல்லணும்."

"அவுங்க மரியாதைக்கு நல்லாருக்குன்னுல்ல சொல்லுவாங்க?"

"அதான்டா பயமா இருக்கு" என்றார்.

பிறகு நோய் வந்தது. மருந்தில் நாக்கு ருசியே இழந்தது. அந்த மாதங்களில்தான் எங்களுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஊரும் சிவப்பானது. ஒருநாள் அடுப்படியிலிருந்து அண்ணி, "முன்னல்லாம் நாலு விசில் வச்சாப் போதும். இப்ப ஆறு வச்சாலும் பருப்பு முழிச்சிக்கிட்டு நிக்குது" என்றார். கடைக்காரரைத் திட்டினார். அண்ணன் என்னைப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது இருவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பும் நடைமுறை எனக்குத் தெரியும். அனுப்பினேன். 'ஓரளவு உகந்தது' என்று வந்தது. அப்படிப்பட்ட சொற்களை எழுதியே ஓய்வூதியம் பெறுபவன் நான். அதன் பொருள் யாருக்கும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இதற்கிடையில் அண்ணன் மகன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, அப்பா நிலத்தில் சாகுபடி செய்யக் குடும்பத்தோடு வரத் தயாராகிவிட்டான். வா என்றும் வராதே என்றும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும், இரவு பகல் பாராமல் வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. நோயில் கிடந்தவரைப் பார்க்க, அந்தத் தெற்கு ஊரிலிருந்து தன் வீட்டு மோட்டார் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, "செவப்பே வச்சுக்குங்கண்ணே" என்று சொன்ன சித்தப்பா மகளுக்குத் தனி நன்றி. அண்ணன் தம் கையால் வைத்த கடைசிப் புள்ளி அது.

படத்தை இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். இன்று பந்தியில் உங்கள் இலைக்குப் பக்கத்தில் இருப்பது கேன் தண்ணீர் அல்ல, எங்கள் மோட்டார் தண்ணீர். மெதுவாகக் குடியுங்கள். கை கழுவும் இடத்தில் நான் நிற்பேன். துக்க வீடு என்று பார்க்காமல், மரியாதையை இன்று ஒருநாள் மறந்து, உள்ளதைச் சொல்லிவிட்டுப் போங்கள். அண்ணனின் இரண்டு பேனாக்களும் என் சட்டைப் பையில் இருக்கின்றன.