இருட்டரசனுக்கு என்ன வேண்டும்?

கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி அவள் கதை சொல்லும் காட்சிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் தங்கும் எங்கள் அறையில் என் தலைக்கு மேல் கட்டில் அவளுடையது. தென்காசிப் பக்கத்துப் பெண், எல்லாருக்கும் இளையவள். ஷிஃப்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கட்டிய கதை ஓடும். ஏழு மலை, மூன்று ராஜ்ஜியம், வாள் தூக்கிய பெண்கள், எல்லாரையும் ஆட்டிப்படைக்கும் இருட்டரசன். மற்றவர்களுக்கு வாள்காரிகளைப் பிடிக்கும். என் கண் அவன்மேல்தான்.

ஏனென்றால் அவனிடம் பூதப்படை இல்லை, மந்திரக்கோல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராஜ்ஜியத்தில் எங்கே இரண்டு பேர் பேசினாலும் அவன் காதில் விழும், அவ்வளவுதான் அவன் சக்தி. யாரையும் கொல்ல மாட்டான். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியின் கனவில் போய்ச் சொல்லிவிட்டு வருவான். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

"சிம்மாசனம்தான் அவன்கிட்ட கீதே, அப்புறம் இன்னாத்துக்குடி இந்த வேல?" என்று கேட்டேன்.

"சிம்மாசனத்துக்காக இல்லக்கா. அவன் இல்லாத எடத்துல நாலு பேரு சிரிச்சா அவனுக்குப் பொறுக்காது. நம்மளப் பாத்துதான் சிரிக்காவன்னு நெனைப்பான்" என்றாள்.

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் பாக்கெட்டைக்கூட இரண்டு தடவை மோந்து பார்க்கிற ஆள் நான். அவன் மனசுக்குள் இவ்வளவு தூரம் போய் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கே உறுத்தியது.

அந்தச் சமயம் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் ஓ.டி. போட்டார்கள். அடுத்த ஞாயிறு வேலைக்கு வர முடியாது என்று ஆறு பேரும் ஒன்றாகச் சொல்லிவிடுவதாகப் பேசி வைத்தோம். யார் என்ன சொல்வது என்று அறையின் வாட்ஸ்அப் குரூப்பில் பிரித்துக்கொண்டோம். சனிக்கிழமை லைனில் போய் நின்றதும் சூப்பர்வைசர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். நாங்கள் வாயைத் திறக்குமுன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு லைனில் பிரித்துப் போட்டார். ஞாயிறு மறுபேச்சில்லாமல் வேலைக்குப் போனோம்.

யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அந்த இருட்டரசன் மன்சு இவளுக்கு எப்டித் தெரியும்? தானே அந்த வேலய பண்ணிக்கினு கீறா, அதான்" என்று மற்ற நாலு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அதன்பிறகு அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஒரே ஒரு தடவை, "நான் இல்லக்கா" என்றாள். செய்தவளும் அதைத்தானே சொல்வாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்தே நாளில் ஒரகடத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு போனாள். குரூப்பிலிருந்தும் விலகிவிட்டாள்.

போன மாதம் போன் மாற்றினேன். குரூப்பைத் திறந்தால் மிச்சமிருக்கும் ஐந்து பேருக்கு ஆறு நம்பர். ஆறாவது, கம்பெனி பஸ்களைக் கவனிக்கும் டிரான்ஸ்போர்ட் அண்ணனுடையது. நாங்கள் வந்து சேர்ந்த புதிதில், பஸ் நேரம் சொல்வதற்காக அந்தக் குரூப்பை ஆரம்பித்ததே அவர்தான். நேரத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஆரம்பித்த பிறகு அவர் அதில் ஒரு வார்த்தை எழுதவில்லை. நாங்களும் அவரை மறந்துவிட்டு, அதையே அறைக் குரூப்பாக்கி எல்லாக் கதையும் பேசினோம். அவரும் சூப்பர்வைசரும் தினமும் ஒன்றாக டீ குடிப்பவர்கள்.

உடனே அவளைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அந்த நம்பர நான் அப்பமே பாத்துட்டேன்க்கா" என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, தான் தப்பிக்கதுக்கு அந்த அண்ணன் மேல பழி போடுதான்னுதான நெனச்சிருப்பீங்க?"

"சேச்சே, அப்டியெல்லாம் நெனச்சிருக்க மாட்டேன் பாப்பா" என்றேன்.

"சரிக்கா, பஸ்சு வந்துட்டு" என்று வைத்துவிட்டாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது.